முன் கியர்

சங்கிலிச் சக்கர டிராக்டர் ஓடாமல் கிடந்த வருஷங்களில், அதன் மூக்கை உரசுகிறாற்போல, பேச்சித்தாய் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையை மறித்துக் கொழுந்தன் தவசிக்கனி மதில் எழுப்பிவிட்டான். செத்த வண்டிக்குப் பாதை எதற்கு என்பது அவன் நியாயம். புருஷன் போன பிறகு யாரும் தொடாத எஞ்சினை மெக்கானிக் குருசு பிரித்துக் கழுவி மாட்டினான். சங்கிலிக்குள் முளைத்திருந்த கருவேலஞ்செடியைப் பேச்சித்தாயே வெட்டி எறிந்தாள்.

"காயலாங்கடைக்காரனே வேண்டாம்னுட்டான். இதப் போயி நோண்டுதியளே மதினி," என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தான் தவசிக்கனி.

எஞ்சின் இருமியது, கரும்புகை கக்கியது, பிறகு தரை அதிர உறுமியது. சிரிப்பு நின்றது. குருசு லீவரை மாறி மாறி இழுத்துப் பார்த்தான்.

"முன் கியர்தான் விழுது அக்கா. ரிவர்ஸ் இறுகிப்போச்சு. பின்னால எடுக்கணும்னா கியர்பாக்ஸப் பிரிக்கணும்."

"பிரிக்கச் சொல்லுங்க மதினி! செலவ நான் பாத்துக்கிடுதேன்!" என்று கத்தினான் தவசிக்கனி.

பேச்சித்தாய் மடியிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்தாள். புது வண்டிக்கு வைப்பதுபோல, சங்கிலிக்கு ஒன்றாக, மதில் பக்கம் வைத்தாள். குருசை இறங்கச் சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தாள்.

"தள்ளி நில்லுங்க கொழுந்தனாரே."