ஸ்பாமில் இருக்கட்டும்

"யாரைக் கேட்டு ஸ்பாம்ல கைய வச்ச?"

லாப்டாப் பழுது பார்க்கும் கடையின் கதவு படாரென்று சுவரில் மோதியது. உள்ளே வந்தவர் ஆலேன். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். வயதானாலும் அதட்டல் குறையவில்லை. அவர் கோபம் பாண்டிச்சேரி உப்பளம் பகுதியில் அந்தத் தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

பூர்ணிமா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். இவர் வருவார் என்று அவளுக்குத் தெரியும். சொல்லப்போனால் காலையிலிருந்து அதற்குத்தான் காத்திருந்தாள்.

"உக்காருங்க சார்."

"உக்கார வரல. பிரவுசரத் தொறந்தா கண்ட கண்ட விளம்பரம் வருது, சூதாட்டப் பக்கம் தானா வந்து நிக்குது, அந்த வைரஸ எடுன்னுதானே குடுத்தேன்?"

"எடுத்துட்டேனே. திருட்டு எக்ஸ்டென்ஷனா உள்ள பூந்து ஒக்காந்திருந்துச்சு. எல்லாத்தையும் தூக்கிட்டேன். பாஸ்வேர்ட மாத்தச் சொன்னேன், மாத்துனீங்களா?"

"பேச்ச மாத்தாத! சோஃபி மெயிலெல்லாம் இன்பாக்ஸ்ல வந்து நிக்குதே, அது எப்படி?"

"நான்தான் கொண்டாந்து வச்சேன்."

நேற்று வேலை முடிந்ததும், மெயில் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கப் போனவள்தான் ஸ்பாமைத் திறந்தாள். லாட்டரிப் பரிசுக்கும் முடி வளரும் எண்ணெய்க்கும் நடுவில் சோஃபி, சோஃபி, சோஃபி என்று வரிசையாக மெயில்கள். அந்த முகவரியை வேண்டுமென்றே பிளாக் செய்திருந்தார்கள். பூர்ணிமாவுக்குப் பிரெஞ்சு படிக்க வராது. ஆனால் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இருந்த 'மமோன்' என்றால் அம்மா என்பதுகூடத் தெரியாமல் ஒருத்தி பாண்டிச்சேரியில் வளர முடியுமா? பெற்ற பெண்ணைக் கொண்டுபோய்க் குப்பையில் தள்ளியிருக்கிறாரே மனுஷன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளாக்கை எடுத்தாள். 'ஸ்பாம் இல்லை' என்று குறித்தாள். இனிமேல் எந்த மெயிலும் தப்பிப் போகக்கூடாது என்று சோஃபியின் முகவரியைத் தெரிந்தவர்கள் பட்டியலிலும் சேர்த்தாள். லாப்டாப்பை வாங்கிப்போன ஆலேனிடம் மூச்சு விடவில்லை. அவர் மனைவி எலிஸபெத்தும் அதே மெயிலைத்தான் பார்ப்பார் என்று தெரிந்துதான் செய்தாள்.

"நான் தள்ளி வச்சத எடுத்து நடுவூட்டுல வைக்க நீ யாரு?"

"நானும் ஒரு வூட்டுப் பொண்ணுதான் சார். எங்க அப்பாவும் இப்படித்தான். இஷ்டப்பட்டவரக் கட்டிகிட்டேன்னு என் நம்பர பிளாக் பண்ணி வச்சிருக்காரு. எனக்குக் கொழந்த பொறந்ததக்கூட எங்க அம்மாகிட்ட சொல்ல விடல. ஒங்கள மாதிரி ஆளுங்களுக்கு வீம்புதான் பெருசு!"

"வாய மூடு!"

"மூட மாட்டேன். அம்மா பாத்தாங்களா, அத சொல்லுங்க."

ஆலேன் மேஜையில் ஓங்கிக் குத்தினார். டப்பா கவிழ்ந்து திருகாணிகள் தரையெல்லாம் சிதறின. பூர்ணிமா குனிந்து பொறுக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பாத்தா! ஒடனே பதிலும் எழுதிட்டா. காலைலேர்ந்து தெருவெல்லாம் சொல்லிகிட்டு இருக்கா, சோஃபி மெயில் போட்டுட்டா, சோஃபி வரப்போறான்னு. மாடி ரூமத் தொறந்து கழுவி உட்டுகிட்டு இருக்கா. வஞ்சிரம் வாங்கியான்னு என்னைப் புடிச்சு வெளிய தள்றா."

"சந்தோஷமாத்தானே இருக்காங்க? அது பொறுக்கலயா ஒங்களுக்கு?"

"பொறுக்கல! திரும்ப பிளாக் பண்ணு. எல்லாத்தையும் ஸ்பாமுக்கே அனுப்பு. அந்தப் பேரு இனிமே என் வூட்டு லாப்டாப்புல வரக் கூடாது."

"முடியாது சார். அம்மாவையும் பொண்ணையும் பிரிக்கிற பாவம் எனக்கு வேணாம். வேற கடையப் பாத்துக்குங்க."

ஆலேன் அடிக்கக் கையை ஓங்கினார். பூர்ணிமா நகரவில்லை. அடிக்கட்டும், இன்றைக்கு ஒரு அப்பனையாவது நேருக்கு நேர் கேட்டுவிட்டோம் என்ற ஆங்காரம் அவளுக்கு.

ஓங்கிய கை மெல்ல இறங்கி நாற்காலி முதுகைப் பிடித்தது.

"அதுல ஒரு மெயிலாவது படிச்சியா நீ?"

"எனக்கு எங்க பிரெஞ்சு தெரியும்?"

"எல்லாத்துலயும் ஒரே ரெண்டு வரிதான். 'மமோன், எப்படி இருக்கே? என் போட்டோ அனுப்பியிருக்கேன், இத அமுக்கிப் பாரு.' அவ்ளோதான்."

பூர்ணிமாவுக்குச் சுருக்கென்றது. இந்த இரண்டு வரியை நம்பி அமுக்கிவிட்டு வந்து நிற்கிறவர்களை வைத்துத்தான் அவள் கடையே நடக்கிறது.

"ஐயோ சார்... இது ஒங்க பொண்ணு எழுதுனது இல்ல. எவனோ அவங்க அக்கவுண்ட திருடிட்டான். எல்லாருக்கும் இதையே அனுப்புவான். மன்னிச்சுக்குங்க சார், நான் அவசரப்பட்டுட்டேன். இப்பவே பிளாக் பண்ணித் தர்றேன்." அவள் குரல் தழைந்துவிட்டது. "அம்மாகிட்ட விஷயத்த எடுத்துச் சொல்லிடுங்க. சோஃபிக்கு ஒரு போன் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா அவங்களே பேசிடப் போறாங்க. அதுக்கு ஏன் சார் இவ்ளோ கோவம்?"

ஆலேன் அவளையே பார்த்தார்.

"நெஞ்சுவலியோட ஆஸ்பத்திரியில கெடந்தா எலிஸபெத். அவளால வர முடியல, நான் மட்டும்தான் பிரான்சுல லியோனுக்குப் போயி அடக்கம் பண்ணிட்டு வந்தேன். போட்டோவுலகூட பாக்க மாட்டேன், நம்பவும் மாட்டேன்னுட்டவ, இப்ப ரூம கழுவிட்டு வாசல்ல வந்து நிக்கிறவகிட்ட, மறுபடியும் மொதல்லேர்ந்து எப்படிம்மா சொல்றது, சோஃபி செத்துப்போயிட்டான்னு?"