பை வேண்டாம்

2031 மார்ச் 14, காலை பத்தரை மணி, ஆஸ்பத்திரிக்கு வெளியே வெயில். குடலில் புற்றுக்கட்டி என்றபோதும் கலங்காத தையற்காரர், "புதுச் சிகிச்சை, பை மூலமாகத்தான்" என்று டாக்டரம்மா சொன்னதும், சம்மதப் படிவத்தில் கையெழுத்திட எடுத்த பேனாவை மூடிவிட்டார்.

"ஊருக்கே பை தச்சவன் நான். மலம் சேர என் வயித்துல ஒரு பை தொங்கணுமா?"

"வீம்பு பண்ணாதீங்க. மேல சட்டை போட்டா யாருக்குத் தெரியும்?" என்றாள் மனைவி.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அய்யோ, அந்தப் பை இல்லீங்க! இது செல்கள் வெளிவிடுற நுண்பை. அதுல மருந்தை அடைச்சு ஊசியில ஏத்துவோம். கட்டியைத் தேடிப் போகும். கோடிக்கணக்குல ஏத்தினாலும் கண்ணுக்குத் தெரியாது."

"கோடிப் பையா? யாரு தைக்கிறது?"

"செல்லே செஞ்சுக்கும்."

"தொழிலுக்குப் போட்டி வந்தாச்சு" என்று முனகிய தையற்காரர், சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு டாக்டரம்மாவிடம் நீட்டினார்.