ஞாயிற்றுக்கிழமை போன்

"அப்பா, எனக்கு முன்பல்லு விழுந்திடுச்சு! எப்பப்பா வருவீங்க?"

"புதுப் பல்லு முளைக்கிறதுக்குள்ள வந்துடறேன் கண்ணு. அம்மாகிட்ட குடு."

மனைவியின் விசும்பல்தான் கேட்டது. அதற்குள் காவலர் கடிகாரத்தைக் காட்ட, லாரி டிரைவர் மனசில்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் எத்தனை நாள் சார் இந்த நாலு சுவத்துக்குள்ள?"

"எப்படிச் சொல்றது? சிகரெட் கடத்துற உங்க முதலாளியோட கும்பல்தான் தீவிரவாதிகளுக்கு வெடிமருந்தும் கடத்துதுன்னு நீங்கதானே தைரியமா வந்து சாட்சி சொன்னீங்க? மிச்சப் பேரும் மாட்டுற வரைக்கும் உங்களை மறைச்சு வெச்சுத்தான் காப்பாத்தணும். நீங்க வீட்டுக்குப் போனா உங்க குடும்பத்துக்கும் ஆபத்து."

"உள்ள போன எங்க முதலாளிக்கு?"

"ஏழு வருஷம்."

டிரைவர் பெருமூச்சு விட்டார்.

"அவர் வீட்டம்மா கொடுத்து வெச்சவங்க சார். நாளை எண்ணிக்கிட்டாவது இருக்கலாம்."