களைகட்டிருச்சு

“அண்ணாச்சி, அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராதீக!” டீக்கடை ஜைனப் கிளாஸைப் படக்கென்று வைத்தாள்.

பலவேசம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சீசன் ‘களைகட்டிருச்சு’ என்று பேப்பர்க்காரன் எழுதலாம். குளிக்க வருகிறவன் சொல்லலாம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பிழைக்கிறவன் சொல்லக் கூடாது. சாரல் ஓய்ந்து, அருவி நூலாக இளைத்த பிறகு வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். உச்சிக்கு ஏறியாயிற்று என்று நாமே சொன்னால், அப்புறம் இறக்கம்தானே?

“எனக்கா சொன்னேன்? அங்கன பாரு, அவனுக்கு.”

பாதைக்கு அந்தப் பக்கம் குத்தாலிங்கம். சாரலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஆறு பேரை உட்கார வைத்துக் கதை அளந்துகொண்டிருந்தான். ஒரு முதுகிலும் இன்னும் கை வைக்கவில்லை.

நாலு நாள் தடைக்குப் பிறகு இன்றுதான் குளிக்க விட்டிருந்தார்கள். பலவேசத்தின் எண்ணெய்ப் பாட்டில் இன்னும் மூடி திறக்கவில்லை. வீட்டில் அரிசிப் பானை காலி.

“ஒரே நாள்ல தொழிலுக்கு வந்தோம். எனக்குக் கை, அவனுக்கு வாய். வாய்க்குத்தாம்மா கூட்டம்.”

“உங்க வயித்துல பால வச்சா பொங்கிரும். எனக்கு கேஸ் மிச்சம்.”

பலவேசத்தின் செல் அடித்தது. குத்தாலிங்கம்தான். கட் செய்தான். மறுபடி அடித்தது.

“எடுங்களேன்.”

“எதுக்கு? என் கூட்டத்தப் பாத்தியான்னு பீத்துததுக்கா?” செல்லை அணைத்துப் பையில் போட்டான்.

டீயைக்கூடக் குடிக்கவில்லை. நேரே போய்க் குத்தாலிங்கத்தின் முன்னால் நின்றான்.

“வாலே...” என்று அவன் ஆரம்பிப்பதற்குள், அருவி இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி சொன்னான்: “என்னலே, ஒனக்குச் சீசன் களைகட்டிருச்சு போல!”

குத்தாலிங்கத்தின் முகம் செத்துப்போனது.

அந்நேரம் பார்த்துச் சைரன் ஊதியது. அருவியில் வெள்ளம். எல்லோரையும் வெளியேறச் சொல்லிப் போலீஸ் மைக் அலறியது. ஆறு பேரும் சட்டையை அள்ளிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள்.

பலவேசத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. “இப்ப என்னலே செய்வ?”

குத்தாலிங்கம் துண்டை விலக்கினான். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

“நேத்து பாறைல வழுக்கி விழுந்துட்டேன். பலவேசம் கைக்கு மிஞ்சுன கை இங்கன கிடையாதுன்னு சொல்லி, ஆறு பேரையும் ஒனக்காகத்தாம்லே ஒரு மணி நேரமாப் பிடிச்சு வச்சிருந்தேன். போன ஏம்லே கட் பண்ணுன?”