ஐந்தாவது வரி

எலியோடோரோ கண் டாக்டரின் அறைக்குள் நுழைந்தார். லா பாஸ் நகரிலிருந்து தினமும் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் பஸ் டிரைவர் அவர். இன்றைய கண் பரிசோதனையில் தோற்றால் லைசென்ஸ் போய்விடும்.

அறையில் புது பெயின்ட் வாடை.

"அம்பத்திரண்டு வயசாச்சு, இன்னும் கண்ணாடி போடலையா டிரைவரே?" என்றார் டாக்டர் உர்கிடி. அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

"பருந்துக் கண்ணு டாக்டர்!"

"இப்படித்தான் ஒருத்தன் காலையில கதை அளந்தான். லைசென்ஸைப் பிடுங்கி அனுப்பிட்டேன். எங்க, எதிர்ச் சுவத்துல இருக்கிற அட்டையில அஞ்சாவது வரியப் படிங்க."

எலியோடோரோவுக்குச் சுவரே வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தது. போன வாரம் இதே பரிசோதனையில் தேறி வந்த மச்சான் எழுதிக் கொடுத்த அட்டை எழுத்துகளை, மனைவி செனோபியா உருப்போட வைத்திருந்தாள்.

"பி, இ, சி, எஃப், டி."

டாக்டர் சுவரை உற்றுப் பார்த்தார்.

"மூணாவதா என்ன சொன்னீங்க?"

"சி... டாக்டர்."

டாக்டர் மறுபடி சுவரைப் பார்த்தார். "சரிதான். பருந்துதான்யா நீங்க!" முத்திரையைக் குத்தினார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு பெயின்டர் வந்தார். அவர் கக்கத்தில் ஓர் அட்டை.

"சுவரு காஞ்சிருச்சு டாக்டர். நேத்து கழட்டின எழுத்து அட்டைய இப்ப மாட்டிடட்டுமா?"