அண்ணன் சட்டை

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கல," என்றார் எதிர்வீட்டு டெய்லர்.

தொடை வரை மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பால்காரர் தலையைத் திருப்பினார். பால் கேனோடு சைக்கிளிலிருந்து விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"உங்க தம்பி தினமும் காலையில உங்க மாட்டுக் கொட்டகையிலேருந்து வெளிய வர்றார். உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு."

"அவனா? எங்களுக்குள்ள பேச்சு நின்னு நாலு வருஷம் ஆச்சே. வேற யாரையாவது பாத்திருப்பீங்க."

"நான் தைச்ச சட்டை எனக்குத் தெரியாதா? அந்த நீலக் கட்டம்தான். துவைக்கறதுகூட இல்ல, கிட்ட போனா குமட்டுது. நீங்க படுத்து முழுசா பத்து நாள் ஆகல, அதுக்குள்ள இப்படியா?"

பால்காரருக்கு முகம் இறுகியது.

அப்பா போனதும், 'செவலை யாருக்கு' என்று வந்த சண்டை அது. சாதாரணப் பசுவா அவள்? அவள் பாலில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒழுகிய கூரை மாறியது. மூத்த மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை, தம்பி மில் வேலைக்குப் போய்விட்டான்.

இன்று சட்டை. நாளைக்கு மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு போவான்.

மறுநாள் விடியும்போதே, டாக்டர் சொல்லியும் கேட்காமல், வண்டி பிடித்து வீட்டில் வந்து இறங்கினார். ஊன்றுகோலோடு கொட்டகைப் பக்கம் போனவரை மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"சத்தம் போடாதீங்க. கறந்துட்டிருக்கார்."

உள்ளே, நீலக் கட்டச் சட்டையில் தம்பி. நெற்றியைச் செவலையின் வயிற்றில் சாய்த்திருந்தான். வாளியில் பால் சர்சர்ரென்று விழுந்தது. அவள் பாதிக் கண் மூடி அசை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என் சட்டை எதுக்கு அவனுக்கு?"

"நீங்க விழுந்த அன்னிலேருந்து செவலை பாலை அடக்கிக்கிட்டா. எனக்குக் கறக்கக் கை வரலை. ரெண்டே நாள்ல மடி கல்லா இறுகிப்போச்சு. இப்படியே விட்டா மாடு தங்காதுன்னுட்டார் மாட்டு டாக்டர். வெட்கத்தை விட்டு உங்க தம்பி வீட்டு வாசல்ல போய் நின்னேன்."

பால்காரர் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அவரையும் கிட்ட விடல. விட்ட உதையில பல்லு ஒண்ணு போச்சு. அப்புறம் அவரே கேட்டார், 'அண்ணன் கழட்டிப் போட்ட சட்டை இருந்தா குடுங்க அண்ணி, துவைச்சுடாதீங்க'ன்னு. அதைப் போட்டுக்கிட்டு உக்காந்தார். செவலை மோந்து பாத்தா. அப்படியே நின்னு சுரக்க ஆரம்பிச்சுட்டா. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அண்ணனைக் கண்டதும் எழுந்து, அவசர அவசரமாகச் சட்டைப் பட்டனை அவிழ்க்கத் தொடங்கினான்.

பால்காரர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். தான் போட்டிருந்த சட்டையைக் கழற்றி நீட்டினார்.

"அதுல என் வாசம் போயிருக்கும்டா. நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு வா."