பர்சிக்குப் பசி

"உன் பூனையை உள்ள போட்டுப் பூட்டுப்பா, டெரிக். இந்தக் குளிர் போற வரைக்குமாவது என் பர்சி ரெண்டு வாய் சாப்பிடட்டும்."

பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து மிஸஸ் ஹெப்வொர்த் சொன்னதும் டெரிக்குக்குச் சுருக்கென்றது. பிப்ரவரி முடியப்போகிறது, யார்க்‌ஷையரில் பனிதான் முடிகிற வழியாக இல்லை. வாசல் ஐஸில் வழுக்கி விழுந்து அவர் காலில் மாவுக்கட்டு. தோட்டத்துக்கு இறங்க முடியாமல் மடியில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார்.

"பூனை இருந்தா குருவிங்க வராது. குருவிங்க கூட்டமா வந்தாத்தான் பர்சி வருவான். மூணு நாளாப் பட்டினி. நெஞ்செலும்பு துருத்திட்டு நிக்குது."

அன்றே பூனைக்குச் சமையலறைச் சிறை. அது திரைச்சீலையைக் கிழித்துத் தன் கருத்தைச் சொன்னது.

மறுநாள் காலையிலிருந்து அவர் தோட்டம் டெரிக்கின் பொறுப்பு. தட்டில் உறைந்த தண்ணீரை வெந்நீர் விட்டு இளக்கினான். கொழுப்பு உருண்டைகளை ஆப்பிள் மரக் கிளையில் தொங்கவிட்டு, சூரியகாந்தி விதைகளைத் தூவினான். சிட்டுகள் வந்தன. பின்னாலேயே, மார்பெல்லாம் செம்மஞ்சளாக ஒரு ராபின் குருவி மண்வெட்டிப் பிடியில் வந்து உட்கார்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தது.

பர்சி இவன்தான், வேறு யார்? பூனையைத் தவிர யாரோடும் நாலு வார்த்தை பேசியறியாத டெரிக், சீஸைத் துருவி வைத்து அதனிடம் நலம் விசாரிக்க ஆரம்பித்தான். ஐந்தாம் நாள் அது அவன் உள்ளங்கையிலேயே ஏறிவிட்டது.

"பர்சி என் கையில உட்கார்ந்து சாப்பிட்டான்," என்று கீழே நின்றபடி பெருமையடித்தான்.

மிஸஸ் ஹெப்வொர்த் பைனாகுலரை அவன் கைக்குத் திருப்பினார். "விரலெல்லாம் இருக்கா?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை நன்றி சொல்ல டீக்குக் கூப்பிட்டார். இருவரும் மாடி ஜன்னலருகே. கீழே கிளை கொள்ளாத சிட்டுகள். மண்வெட்டிப் பிடியில் அதே ராபின்.

வேலிக்கு மேலாக ஒரு சாம்பல் நிழல் பாய்ந்தது. சிட்டுகள் சிதறின. மண்வெட்டிப் பிடி காலி. கீழே பனியில் நாலு செம்மஞ்சள் இறகுகள்.

டெரிக் எழுந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான். "வல்லூறு... பர்சியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

மிஸஸ் ஹெப்வொர்த் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் நிம்மதி.

"பர்சியை யாருப்பா தூக்கினா? தூக்கிட்டுப் போறானே, அவன்தான் பர்சி. இன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிடப் போறான். எல்லாம் உன் புண்ணியம்."